ஆடியில் வந்த பிரெஞ்சு விசாரணை

இரண்டாயிரமாவது ஆண்டு ஆடி மாதத்தில், பெங்களூர் நீலசந்திராவைச் சேர்ந்த ஒரு பெண் தன் சொந்தப் புருஷனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். பெயர் தமயந்தி. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வரும் சட்டையை டியூப் லைட்டின் கீழே விரித்து, எங்கே தையல் தப்பியிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் கண் பார்த்து விட்ட தையல் அமெரிக்காவில் போட்டுக் கிழித்தாலும் பிரியாது என்று சூப்பர்வைசர் பெருமையடிப்பான். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவள் அந்த மாதம் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

வேலை முடிந்ததும் கம்பெனி வேன் அவளை ஜான்சன் மார்க்கெட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அம்மா வீடு இருக்கும் நீலசந்திரா நடக்கிற தூரம். அவள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். எதிர்த்திசையில் பஸ் பிடித்துக் காக்ஸ் டவுன் போய், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளிச் சந்துக்குள் நுழைவாள். சொந்த வீட்டுக்குள் பூனை மாதிரி போவாள். தெருப்பக்கம் லைட் போட மாட்டாள். மாடியில் இருக்கும் ஓனரம்மா இருமினால் இவளுக்கு நெஞ்சு நின்று போகும். புருஷனோடு ஒரு மணி நேரம் கிசுகிசுவென்று பேசிச் சிரித்துவிட்டு மறுபடியும் பஸ். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஓ.டி.ம்மா. ஷிப்மென்ட் போவுது."

அம்மா சரசு நம்பினாள். நம்பித்தான் ஆக வேண்டும். அவள் ரிச்மண்ட் டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா. பிள்ளைப்பேறு வார்டு. உலகத்தில் யார் எப்போது பிறக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கைவழியாகத்தான் நடக்கிறது என்கிற எண்ணம் உள்ளவள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் பிறக்கிற பிள்ளை தகப்பனுக்கு ஆகாது என்பதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தமயந்திக்கு இரண்டு வயதானபோது, சித்திரை வெயிலில் தம்பி நாகேஷ் பிறந்தான். அடுத்த சித்திரை வருவதற்குள் அப்பா அத்திபெலே ரோட்டில் டீ குடிக்க ரோட்டைத் தாண்டினார். லாரி வந்தது. அவ்வளவுதான். அன்றையிலிருந்து சரசுவுக்குக் காலண்டர் என்றாலே பயம்.

அதனால் கல்யாணமான முதல் ஆடியில் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். அது ஊர் வழக்கம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆடியிலும் வந்து நின்றபோதுதான் மருமகன் முகம் சுண்டிப்போயிற்று.

"வயித்துல ஒண்ணு தங்குற வரைக்கும் எல்லா ஆடியும் என்கிட்டதான்" என்றாள் சரசு, மருமகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. "மாப்ள நூறு வருஷம் இருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

மாப்பிள்ளை ஞானசேகரன். இவன் ஒரு வெளிநாட்டுக்காரன் என்று சொன்னால் ஜீவனஹள்ளியில் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பு என்றால் நல்ல கறுப்பு. பிறந்தது பாண்டிச்சேரி, பேசுவது தமிழ், சாப்பிடுவது மீன் குழம்பு. ஆனால் அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்ச் சண்டை போட்ட சிப்பாய், அவர்கள் பாஷையில் சொல்தா. அறுபத்திரண்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும், இந்தியனாக மாறப் போகிறாயா, பிரெஞ்சுக்காரனாகவே இருக்கப் போகிறாயா என்று ஆறு மாதம் கெடு வைத்துக் கேட்டபோது, தாத்தா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு கையெழுத்தில் மகன் பிரெஞ்சுக்காரன், பேரன் பிரெஞ்சுக்காரன், இனி பிறக்கப் போகிறவையும் பிரெஞ்சுக்காரக் குஞ்சுகள். ஞானசேகரனுக்குப் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடுகிற வேலை. வருஷா வருஷம் கமிஷனர் ஆபீசில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் போய் நின்று பதிவு செய்துகொள்ள வேண்டும். "உங்க சாப் எங்கே?" என்று அங்கே இருக்கிற கான்ஸ்டபிள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். எந்த வெள்ளைக்காரனுக்கோ வண்டி ஓட்டி வந்த டிரைவர் என்று நினைப்பு.

இந்தச் சம்பந்தத்தைப் பிடித்து வந்தவன் நாகேஷ். அவனுக்கு ஜெராக்ஸ் கடை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் காகிதமெல்லாம் அவன் மெஷினைத் தாண்டித்தான் போகும். நகல் எடுத்து எடுத்தே ஐரோப்பா முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டான்.

"ஜெர்மனின்னா எட்டு வருஷம் அங்கயே குப்பை கொட்டணும்க்கா, அவங்க பாஷை வேற பேசணும். அயர்லாந்துன்னா வயித்துல இருக்கச்சவே பிளேன் ஏறிடணும். அங்க பொறந்தா போதும், குழந்தை அந்த ஊரு. இங்கிலாந்துக்குத் தாத்தன் அங்க பொறந்திருக்கணும். நம்ம தாத்தன் தர்மபுரியத் தாண்டல. போர்ச்சுகலுக்கு கோவாக்காரனா இருக்கணும். நமக்கு ஆவற ரூட்டு ஒண்ணே ஒண்ணு. பாண்டிச்சேரி மாப்ள. கட்டிக்கினு ஒரு வருஷம் ஒண்ணா குடும்பம் நடத்து, ரெண்டு பேரும் சேந்து எழுதிக்குடு, நீயும் பிரெஞ்சுக்காரி. அப்புறம் தம்பிய மறந்துடாத."

தமயந்தி அலுத்துப்போய்த்தான் தலையாட்டினாள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கையே அவளுக்கு மறந்துவிட்ட நேரம் அது. யாரோ ஒருத்தன், ஏதோ ஒரு ஊர் என்று கழுத்தை நீட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் வம்பு வந்தது. ஞானசேகரன் தினமும் ஹோட்டலிலிருந்து வரும்போது, விற்க முடியாமல் ஓரம் கருகிய பன்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவான். கருகின ஓரத்தைத் தான் எடுத்துக்கொண்டு நடுப்பாகத்தை அவளிடம் தள்ளுவான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவள், "எனக்குக் கருகினதுதான் புடிக்கும்" என்றாள். "அடிப்பாவி, எனக்கும் அதான் புடிக்கும்" என்றான். அன்றைக்கு ஒரு பன்னுக்காக இரண்டு பேரும் போட்ட சண்டையில் மாடி ஓனரம்மா இறங்கி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மனுஷன் பிரெஞ்சுக்காரனாக இருந்தால் என்ன, பீகார்க்காரனாக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது தமயந்திக்கு.

அவளுடைய பயத்துக்கு வேரே அங்கேதான் இருந்தது. கல்யாணம் பாஸ்போர்ட்டுக்காகத்தான் ஆரம்பித்தது. யாராவது கெட்டிக்காரன் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அதை இல்லையென்று சொல்ல அவளால் முடியாது. அப்புறம் நடந்ததை எந்தக் காகிதத்தில் எழுதிக் காட்டுவது?

பங்குனியில் இரண்டு பேரும் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுக் கான்சுலேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெங்களூரில் இருக்கிற பிரெஞ்சுக் குடும்பங்களின் பைல்களைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். ஆடி முடிவதற்கு நாலு நாள் முன்னால் ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவில் புருஷனும் பெண்டாட்டியும் ஆஜராக வேண்டும். சேர்ந்து வாழ்கிறார்களா என்று தனித்தனியாக விசாரிப்பார்கள்.

ஞானசேகரனுக்கு ஐப்பசியில் டிக்கெட். பாரிஸுக்கு வெளியே அவன் சித்தப்பா ரொட்டிக் கடை வைத்திருக்கிறார், கை கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். விசாரணையில் நம்பிவிட்டால் தமயந்தியும் பின்னாலேயே போகலாம். இது பொய்க் கல்யாணம் என்று தோன்றிவிட்டால் பைல் பிரான்சில் இருக்கிற நாந்த் என்ற ஊருக்குப் போகும், அங்கே இருக்கிற கோர்ட்டு இந்தக் கல்யாணத்தையே தங்கள் ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிடும் என்றான் நாகேஷ். அடித்துவிட்டால் குடியுரிமையும் கிடையாது, விசாவும் கிடையாது. அவன் அங்கே, அவள் இங்கே.

நாந்த் எங்கே இருக்கிறது என்று தமயந்திக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊர் அவள் சோற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டையை விரித்தால் காலரில் நாந்த். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால் நாந்த். அங்கே பெரிய மேஜைக்குப் பின்னால் மீசை வைத்த ஒருத்தன் உட்கார்ந்து, தன் கழுத்துத் தாலியைக் கத்தரிக்கோலால் வெட்டி டிரேயில் போடுவதாக நினைத்துக்கொண்டு, வேன் சீட்டிலேயே வியர்த்து வழிவாள்.

கதைகளுக்கும் குறைவில்லை. லிங்கராஜபுரத்தில் ஒரு ஜோடியை இப்படித்தான் தனித்தனியாகக் கேட்டார்களாம். உன் புருஷன் டூத் பிரஷ் என்ன கலர் என்றதற்கு அவள் பச்சை என்றாளாம். அவனைக் கேட்டால் நான் வேப்பங்குச்சியில் தேய்க்கிறேன் என்றானாம். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிற்று. குழாயடிக்கு வந்து சேர்வதற்குள் இந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. அதிகாரி வீட்டுக்கே வந்து இரண்டு தலையணையையும் மோந்து பார்ப்பார், எண்ணெய் வாசனை வேறு வேறாக இருக்க வேண்டும், ஒரே வாசனை அடித்தால் படுப்பது ஒரே ஆள் என்று அர்த்தம், ஆசாமி ஜெயிலுக்குள்ளே என்றாள் ஒருத்தி. தமயந்தி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஓ.டி.க்குப் போனபோது இரண்டு தலையணையையும் எடுத்து மோந்து பார்த்தாள்.

நாகேஷ் ஒத்திகை வைத்தான். கடையை மூடிவிட்டு வந்து அம்மாவையும் அக்காவையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டான்.

"ஒரே வூடு, ஒரே பாய், பன்னெண்டு மாசமும். புரியுதா? ஆடி கீடின்னு வாயத் தொறந்தே, போச்சு. வெள்ளைக்காரனுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? பொண்டாட்டி ஒரு மாசமா அம்மா வூட்லன்னா பிரிஞ்சிட்டாங்கன்னு எழுதிக்குவான். நேரா நாந்த்!"

"டேய், வாயக் கழுவு" என்றாள் சரசு. "ஆடியில பொண்ண மாப்ள வூட்ல உட்டுட்டு உக்காந்திருந்தேன்னு நான் சொல்லணுமா? நாலு பேரு காதுல வுழுந்தா இன்னா நெனப்பாங்க?"

"நாலு பேரு பிரெஞ்சுக்காரங்கம்மா. அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நீ சித்திரையில பொறந்தவன். உனக்கு எல்லாம் விளையாட்டு."

"ஆரம்பிச்சிட்டியா? நான் பொறந்து எங்கப்பன முழுங்கிட்டேன், சரி. லாரி டிரைவரு எந்த மாசத்துல பொறந்தானாம், அதக் கேட்டியா?"

சரசு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளா, பாத்திரம் கழுவினாளா என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் சரசு வாயைத் திறக்காமல் கூட வந்து நிற்பது, கேள்விக்கெல்லாம் இவர்கள் இரண்டு பேர் மட்டும் பதில் சொல்வது என்று முடிவாயிற்று. அடுத்த ஓ.டி.யில் தமயந்தி இதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "ஒரே வீடு, பன்னெண்டு மாசமும்." பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். சொல்லும்போதே காது சிவந்தது. அந்தக் கறுப்பிலும் அது தெரிந்தது.

அவளுக்குள் இருந்த இன்னொரு பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போயிருந்தது.

முதலில் கவலையில் தள்ளிப்போகிறது என்று நினைத்தாள். அப்புறம் காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்தால் வாசனை தாங்கவில்லை. அம்மா மூக்குக்கு முன்னால் வாந்தி எடுத்தால் முடிந்தது கதை. பிள்ளைப்பேறு வார்டு ஆயாவுக்கு ஸ்கேன் தேவையில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாயைக் கொப்பளித்தாள். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஆடி மாதம் முழுவதும் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி வீட்டில் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று அம்மா சொல்கிறபடி பைலில் ஏறிவிட்டால்? சித்திரையில் பிள்ளை பிறக்கும். நாந்த் மீசைக்காரன் விரல் விட்டு எண்ணுவான். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்பான். தகப்பன் பிரெஞ்சுக்காரன் என்பதால் பிறக்கும்போதே கிடைக்க வேண்டிய குடியுரிமை பிள்ளைக்கு இல்லாமல் போகும். அதுவாவது போகட்டும். நீலசந்திராவும் விரல் விட்டு எண்ணும். நாகேஷின் பொய்தான் தேவலை என்று தோன்றிற்று. அந்தப் பொய்யைச் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

விசாரணை நாளன்று தூறல். பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள். ஒரு பக்கம் சரசு, நடுவில் தமயந்தி. ஆடி இன்னும் முடியவில்லை என்பதால் ஞானசேகரன் கடைசி நாற்காலியில், யாரோ வேற்றாள் மாதிரி. சரசு மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. நாகேஷ் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தமயந்தியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

உள்ளே மீசைக்காரன் யாரும் இல்லை. ஒல்லியான, வயதான வெள்ளைக்காரர் ஒருவர், பெங்களூர்க் குளிரில் சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழம்மாள். பாண்டிச்சேரிக்காரி. மதாம் ஜூலியா என்றார்கள். கட்டம் போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. தமயந்தி மனப்பாடம் செய்து வைத்திருந்த "போன்ழூர் மொஸ்யே"யைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தும்மினார்.

ஜூலியா கேட்டாள். புருஷன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், எதில் போவார், சம்பளம் யார் கையில், காபியா டீயா. தமயந்திக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. டூத் பிரஷ் நீலம். எண்ணெய் தேங்காய் எண்ணெய். இடது தோளில் மரு. கேட்காததையும் சொன்னாள். பயம் லேசாக இறங்கத் தொடங்கிற்று.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க. ஒரே வூடு, பன்னெண்டு மாசமும்."

ஜூலியா பேனாவைக் கீழே வைத்தாள். "ஆடியிலயுமா?"

"ஆ... ஆமாங்க."

"இதோ இந்த ஆடியிலயும்? கொழந்தை இன்னும் இல்லன்னு சொல்றே. உங்கம்மா வந்து கூப்புடல?"

"இல்லீங்க."

"வெளிய உக்காந்திருக்காங்களே, ஒரு நாற்காலி தள்ளி மருமவனப் பாக்காம, அவங்கதானே உங்கம்மா?"

ஜூலியா குரலைத் தாழ்த்தினாள்.

"இதோ பாரும்மா. நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். எங்கம்மாவே என்னை மூணு ஆடி இழுத்துக்கினு போனாங்க. நெசமா குடும்பம் நடத்துற பொண்ணு இங்க வந்தா, ஆடியில அம்மா வூட்ல இருந்தேன்னு தானா சொல்லும். ஐயாவே இருவது வருஷமா இங்க இருக்கார், அவருக்கே ஆடி தெரியும். பன்னெண்டு மாசமும் ஒண்ணாவே இருந்தோம்னு மனப்பாடமா ஒப்பிக்கிறது யார் தெரியுமா? காசு குடுத்துக் கட்டிக்கிற ஜோடிங்க. அவங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்க ஆள் இருக்கும்."

வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். ஜூலியா பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவர் ஒரு வரி எழுதினார். அந்த வரி என்னவென்று தமயந்திக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் மேல் ஓர் அம்பு ஒட்டப்பட்டுவிட்டது என்று புரிந்தது. நாற்காலிக் கையைப் பிடித்தாள்.

ஆடியில் அம்மா வீடு என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம். நம்புவார்கள். அம்மா மானமும் போகாது. ஆனால் பிள்ளை?

"மதாம், எழுதினத அடிச்சிடுங்க" என்றாள். "நான் அம்மா வூட்லதான் இருந்தேன். ஆனா..." திரும்பிக் கதவைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. "ஆனா ஓ.டி.ன்னு சொல்லிட்டு எங்க வூட்டுக்காரர் வூட்டுக்குப் போய்ட்டு வந்தேன். டெய்லி இல்ல. முக்காவாசி. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுருவாங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். தலையில் முந்தானை, போடாத லைட், இருமிய ஓனரம்மா. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஜூலியா முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எழுதிக்கொண்டாள். "சரி, வெளிய போய் உக்காரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அப்போதுதான் தமயந்திக்கு உறைத்தது. வீட்டுக்காரர் உள்ளே போய் மனப்பாடம் செய்ததைச் சொல்லப் போகிறார்.

ஞானசேகரன் எழுந்து உள்ளே போகும்போது அவளைப் பார்த்தான். அவள் கண்ணை உருட்டினாள், தலையை அசைத்தாள், உதட்டைக் கடித்தாள். அவன் அதை அழகு என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, லேசாகச் சிரித்துவிட்டுப் போனான். கதவு மூடிற்று.

"இன்னாடி, முகம் பேயறைஞ்சா மாதிரி இருக்குது?" என்றாள் சரசு.

"ஒண்ணும் இல்லம்மா."

"தண்ணி குடி."

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தும்மல் மட்டும் வந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் தமயந்திக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இப்போது காபியா டீயா கேட்டிருப்பார்கள். இப்போது டூத் பிரஷ். இப்போது ஆடி. சளி பிடித்த அந்த மனுஷரின் கைப்பையில் தன் பைல் ஏறுவது, விமானம் ஏறுவது, நாந்தில் இறங்குவது எல்லாம் அவளுக்குக் கண் முன்னால் ஓடிற்று. ஐப்பசியில் வீட்டுக்காரர் போய்விடுவார். சித்திரையில் தான் மட்டும் அம்மா வார்டில் படுத்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. ஜூலியா வெளியே வந்து தமயந்தியைக் கூப்பிட்டாள். அப்புறம், "நீங்களும் வாங்கம்மா" என்றாள் சரசுவைப் பார்த்து.

எல்லோரும் மேஜையைச் சுற்றி. ஞானசேகரனுக்குக் காது சிவந்திருந்தது. அதைப் பார்த்ததுமே தமயந்திக்குத் தெரிந்துவிட்டது.

"இவர் ஒண்ணு சொல்றார், உங்க பொண்ணு வேற சொல்லுது" என்றாள் ஜூலியா. "ஆடி பூரா மனைவி என்கூட ஜீவனஹள்ளியிலதான் இருந்தாங்கன்னு இவர் அடிச்சு சொல்றார். மூணு தடவ கேட்டுட்டேன். நீங்க சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு இந்த மாசம் எங்க தூங்கினா?"

நாகேஷ் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சரசுவுக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பதும் ஞாபகம் இருந்தது. ஆனால் எதிரே நின்று கேட்பவள் வெள்ளைக்காரன் இல்லை, புடவை கட்டின தமிழச்சி. அவளிடம் போய், ஆடியில் மகளை விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"என் பக்கத்துலதாம்மா தூங்கினா!" என்று வெடித்தாள். "வேற எங்க தூங்குவா? என்னை இன்னா மொறை தெரியாதவன்னு நெனச்சீங்களா? ஆடி ஒண்ணாந்தேதி கூட்டியாந்தேன். மாப்ள வாசப்படி மிதிக்கல. வேலைக்குப் போவா, வருவா, அவ்ளோதான். பாவம், ஓ.டி. போட்டுக் கொல்றாங்க, ஒம்போது மணிக்குத்தான் வருவா."

ஜூலியா தமயந்தியைப் பார்த்தாள். ஞானசேகரன் தரையைப் பார்த்தான். சரசு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து மகள் முகத்தில் நின்றாள்.

"ஓ.டி. தானே?" என்றாள் மெதுவாக.

"ஏன் தமா சொன்னே?" என்றான் ஞானசேகரன். மாமியார் எதிரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக்கூட அவன் உணரவில்லை. "அத்தைக்குத் தெரியக் கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கினே? நான் உனக்காகத்தான் அப்டியே புடிச்சிக்கினு நின்னேன்."

"நின்னீங்க, சரி. என்னால நிக்க முடியலைங்க." தமயந்தி அவன் பக்கம் திரும்பினாள். "நம்ம ரெண்டு பேரும் பாக்கவே இல்லன்னு எழுதிட்டா நாளைக்கி எண்ணிப் பாப்பாங்க. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

ஞானசேகரன் எழுந்தான். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். உட்காரும்போது நாற்காலி தள்ளிப்போனதால் பாதிதான் உட்கார்ந்தான்.

வெள்ளைக்காரர் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஜூலியா பிரெஞ்சில் நீளமாகச் சொன்னாள். ஓ.டி. என்ற சொல் மட்டும் நடுவில் இரண்டு மூன்று தடவை வந்தது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் கேட்டுவிட்டு, ஒரு கேள்வி போட்டார்.

"ஐயா கேக்கறார்" என்றாள் ஜூலியா. "பொண்ணு அவங்க புருஷன்கிட்டதானே போச்சு, அம்மா முகம் ஏன் இப்டி வெளுத்துப்போச்சுன்னு."

சரசு மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தில் முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டுகிற ஒருத்தனையும் தூரத்தில் வருகிற லாரியையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

வெள்ளைக்காரர் முன்பு எழுதிய வரியின் மேல் கோடு போட்டார். கீழே வேறொன்று எழுதினார்.

"சேந்து வாழறாங்கன்னு எழுதிட்டார்" என்றாள் ஜூலியா. "நாந்த் கோர்ட்டுக்கெல்லாம் போவாது. மிச்சம் எல்லாம் பேப்பர் வேலை, சில மாசம் ஆவும். ஒண்ணு தெரிஞ்சுக்கம்மா. பிரெஞ்சுக் குடியுரிமை வந்துட்டா உன் இந்தியா பாஸ்போர்ட்டு செல்லாது. உங்கம்மாவப் பாக்க வரணும்னாலும் விசா வாங்கித்தான் வரணும். சம்மதம்னா இங்க கையெழுத்து."

தமயந்தி புருஷனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். தன் பெயரில் இருக்கும் ஐந்து எழுத்தையும் வேறு யாரோ எழுதுவது போல எழுதினாள். கோணல் மாணலாக வந்தது.

ஏதோ நகல்கள் வாங்க ஞானசேகரன் உள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. நாகேஷ் கேட்டிலிருந்து ஓடி வந்து, "இன்னாச்சு? இன்னாச்சு?" என்றான். சரசு அவனைத் தாண்டிப் போய் ஆட்டோவை நிறுத்தினாள். தமயந்தி பின்னாலேயே ஏறிக்கொண்டாள். தூறல் ஆட்டோவுக்குள் அடித்தது. அம்மா திட்டினால் தேவலை, ஓர் அறை விட்டால் தேவலை என்று தமயந்திக்கு இருந்தது. அம்மாவின் கை புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. விரலால் ஏதோ எண்ணினாள். ஆவணி, புரட்டாசி என்று உதடு அசைந்தது. நடுவில் நிறுத்திவிட்டாள்.

ஜான்சன் மார்க்கெட் சிக்னலில் வண்டி நின்றபோது சரசு டிரைவர் தோளைத் தட்டிக் கன்னடத்தில் சொன்னாள்.

"ஜீவனஹள்ளிகெ ஹோகப்பா."

"நீலசந்திரா அந்திரல்லா அம்மா?" என்று, ஏறும்போது நீலசந்திரா என்று சொன்னதை நினைவுபடுத்தி முணுமுணுத்துக்கொண்டே அவன் வண்டியை ஜீவனஹள்ளிப் பக்கம் திருப்பினான்.

தமயந்தி நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, ஆடி இன்னும் முடியலியே..."

"இனிமே எதக் காவல் காக்கறது?" என்றாள் சரசு. குரலில் சூடே இல்லை. "சாவி உன்கிட்ட இருக்குமே?"

தமயந்தி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்துச் சரசு தலையை ஆட்டிக்கொண்டாள். ஆட்டோ மேட்டில் ஏறித் திரும்பியது. எதிரே வந்த லாரிக்கு டிரைவர் ஒதுங்கினான். சரசு மகள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். லாரி போய்ச் சத்தம் அடங்கின பிறகும் விடவில்லை.

"அவரு வந்ததும் சொல்லு. டீக்கடைக்குக் கூட தனியா போவக் கூடாது. அங்க பாரிஸ்ல ரோடெல்லாம் எப்டியோ, தெரியல. சித்திரை போவற வரைக்கும் ரோடு தாண்டறச்ச கையப் புடிச்சுக்கினு போ. யார் பாத்தாலும் பரவால்ல."